துருவேறிய கருவிகளை வீட்டுப் பொருள்களைக் கொண்டு மீட்பது எப்படி?

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், மாடிப்படிக்கு அடியில் வைத்த ஸ்பேனர் பெட்டியை ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் திறந்து பார்த்தால், உள்ளே கிடக்கும் ஸ்பேனர், குறடு, திருப்புளி எல்லாமே ஒரே செம்பழுப்பு நிறத்தில் காட்சியளிக்கும். பழைய இரும்புக் கடைக்குத்தான் போடவேண்டும் என்று தோன்றினாலும், அவற்றில் பெரும்பாலானவை மேலோட்டமாகவே கெட்டிருக்கும். எலுமிச்சை உப்பு, வினிகர், புளி, சமையல் சோடா, கடுக்காய் என்று வீட்டிலோ பக்கத்து மளிகைக் கடையிலோ கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அவற்றை மீட்டுவிடலாம். துருவைக் கரைப்பது இந்த வேலையில் எளிதான பகுதி. ஊறப்போடுவதற்கு முன் செய்யவேண்டிய சுத்தமும், வெளியே எடுத்தபின் கடகடவென்று செய்து முடிக்கவேண்டிய உலர்த்தலும் எண்ணெய்ப் பூச்சும்தான் கருவி மீண்டதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன. பலர் துரு முழுவதையும் அழகாக அகற்றிவிட்டு, மறுநாள் காலையில் அதே நிறத்தைப் பார்த்து அலுத்துக்கொள்வது இந்தக் கடைசிப் பகுதியில் காட்டும் அசட்டையினால்தான்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒருசேர வேண்டும். மழையில் நனைந்தால்தான் நீர் சேரும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று உலோகத்தின்மேல் படிந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. அந்தப் படலத்தில் உப்பு கரைந்திருந்தால் துரு விரைந்து பரவும் என்பதால்தான் கடற்காற்றும், கருவியைப் பிடித்த கையின் வியர்வையும் இரும்புக்கு ஆவதில்லை. அலுமினியத்தின்மேல் உண்டாகும் ஆக்சைடு படலம் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு அடியில் உள்ள உலோகத்தைக் காப்பாற்றுகிறது. இரும்பின் துருவோ நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொண்டு மேலும் மேலும் உள்ளே தின்றுகொண்டு போகும். எனவே துருவின்மேல் எண்ணெய் தடவி விடுவதோ பெயிண்ட் அடித்து மறைப்பதோ பயன் தராது. மேலும், துரு தான் பிறந்த இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு நட்டு போல்ட்டோடு இறுகிப்போய் எந்த ஸ்பேனருக்கும் அசையாமல் நிற்பதற்கு, மரைகளுக்கு இடையில் இவ்வாறு பருத்துப்போன துருவே காரணம்.

எதை ஊறப்போடலாம், எதைத் தொடக்கூடாது

வேலையைத் தொடங்குமுன் பொருளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். விரலால் தேய்த்தால் செந்தூள் ஒட்டிக்கொண்டு அடியில் உலோகம் மங்கலாகத் தெரிகிறதென்றால் அது இளந்துரு. ஊறவைக்கவே வேண்டாம், எண்ணெயில் நனைத்த கம்பி நாரால் தேய்த்தாலே போய்விடும். அடுக்கடுக்காகச் செதில் கிளம்பியிருந்தால் முதலில் தட்டியும் சுரண்டியும் உதிர்த்துவிட்டுத்தான் ஊறப்போடவேண்டும், ஏனெனில் தடித்த செதிலைக் கரைப்பதற்குள் பக்கத்திலுள்ள நல்ல இரும்பை அமிலம் அரித்துவிடும். குழி விழுந்திருந்தால், குழிக்குள் இருக்கும் துரு போகுமே தவிரக் குழி போகாது. சுத்தியலின் தலையில் குழி இருந்தால் கேடில்லை. ஆனால் அளவு துல்லியமாக இருக்கவேண்டிய ஸ்பேனர் வாயிலோ, கூர்மையாக இருக்கவேண்டிய உளியின் முனையிலோ குழி விழுந்துவிட்டால் அரம் பிடித்துத் தீட்டும் அளவுக்கு உலோகம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்தபின்பே உழைப்பைச் செலவிடவேண்டும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. குழாய், வெள்ளையாக மின்னும் சாதாரண நட்டு போல்ட்டுகள் ஆகியவற்றை அமிலத்தில் போடக்கூடாது; துருவுக்கு முன்பே காப்பாக இருக்கும் துத்தநாகம் கரைந்து, பொருள் முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். அலுமினியம் கலந்த பாகங்களுக்கும் இதே விதி. சுருள்வில்கள், தலையில் 10.9 அல்லது 12.9 என்று பொறித்த உயர்வலிமை போல்ட்டுகள், சைக்கிள் செயின் போன்றவை வேறொரு காரணத்தால் விலக்கப்படவேண்டியவை: அமிலம் இரும்போடு வினைபுரியும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் கடினமாக்கப்பட்ட எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மை உடையதாக்கிவிடும், வெளியில் எந்த அடையாளமும் தெரியாது, பாரம் ஏறும்போது திடீரென்று முறியும். செயினில் மேலோட்டமான துரு என்றால் டீசலில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்து எண்ணெய் இடலாம். கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றால் புதிய செயின் வாங்குவதே முறை. பிரேக் பாகங்களையும், ஏணியைத் தாங்கும் கொக்கிகளையும், குழி விழும் அளவுக்குத் துருப்பிடித்திருந்தால் வீட்டு வைத்தியத்துக்கு உட்படுத்தாமல் மாற்றிவிடவேண்டும். சமையல் எரிவாயு உருளையின் அடியில் துரு தெரிந்தால் அதைச் சுரண்டவே கூடாது. விநியோகிப்பவரிடம் காட்டி மாற்றிக்கொள்வது நம் உரிமை.

பழைய ஜன்னல் கம்பி, கேட்டு ஆகியவற்றில் பெயிண்டோடு சேர்ந்த துருவைத் தேய்ப்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ளவேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.-க்குள், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்குள், கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் கூடுதலாக இருந்திருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துக்கொண்டே தேய்ப்பதும், குழந்தைகளை அப்பால் அனுப்பிவிடுவதும், முகக்கவசம் அணிவதும் அவசியம்.

ஊறப்போடுமுன்

கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிடவேண்டும். மரக்கைப்பிடி, ரப்பர் உறை, பால் பேரிங் இவற்றோடு சேர்த்து எதையும் ஊறவைக்கக்கூடாது. பேரிங்குக்குள் புகுந்த நீரை எந்தத் துணியாலும் துடைத்து எடுக்க முடியாது. கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால் வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று பிறகு தடுமாறவேண்டியதில்லை.

அடுத்து எண்ணெய்ப்பசை. பழைய கிரீஸ் படிந்த இடத்தில் அமிலம் உலோகத்தைத் தொடவே முடியாது. ஊறி எடுத்தபின் அந்த இடம் மட்டும் தீவுபோலத் துருவோடு நிற்கும். பாத்திரம் கழுவும் திரவமும் சுடுநீரும் இட்டுத் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் போதும். கெட்டியாகக் காய்ந்த கிரீஸாக இருந்தால் முதலில் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ நனைத்துத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புக்கு வரவேண்டும். அதன்பின் கம்பி பிரஷ்ஷால் உதிரும் துருவையெல்லாம் உதிர்த்துவிடவேண்டும். இந்தத் தேய்ப்பை ஐந்து நிமிடம் கூடுதலாகச் செய்தால் ஊறும் நேரம் மணிக்கணக்கில் குறையும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கம்பி பிரஷ்ஷைத் தொடாதீர்கள். பிரஷ்ஷின் கம்பி உடைந்து தெறிப்பது சாதாரணமாக நடப்பது. துருப்பிடித்த ஆணி குத்தினால் டெட்டனஸ் வரும் என்று நாம் அஞ்சுவதில் ஒரு திருத்தம் உண்டு: நோயைத் தருவது துரு அன்று, மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி, ஆழமான குத்துக்காயம் அதற்கு வழிவிடுகிறது. அதனால் பளபளக்கும் ஆணி குத்தினாலும் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்கத்தான் வேண்டும்.

எந்த அமிலம்?

வீட்டுப் பொருள்களில் என் முதல் தேர்வு, சந்தேகமின்றி, எலுமிச்சை உப்பு. கடைகளில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் தருவார்கள். சர்க்கரை போன்ற வெண்மையான படிகங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம், அதாவது 5 சதவீதக் கரைசல், பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். வாடை கிடையாது, சேமிப்பது எளிது, வேண்டிய வலிமைக்குக் கலந்துகொள்ளலாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்த அமிலம் துருவைக் கரைப்பதோடு நில்லாமல், கரைந்த இரும்பைத் தன்னோடு பிணைத்து நீரிலேயே நிறுத்திவைத்துக்கொள்கிறது. எனவே கரைந்த துரு மறுபடி உலோகத்தின்மேல் படிவது குறைவு.

ஊறவைக்கும் பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. பொருள் முழுவதும் மூழ்கவேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீர்மட்டம் தொடும் இடத்தில் அரிப்பு மிகுந்து, கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பிறகு எதனாலும் அழிக்க முடியாது. நீளமான பொருளாக இருந்து பாத்திரம் போதவில்லையென்றால், கரைசலில் நனைத்த பழந்துணியை அதன்மேல் சுற்றிப் பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டிவிடலாம். இடையிடையே துணியை நனைத்துக்கொள்ளவேண்டும்.

போட்ட சிறிது நேரத்தில் நுண்ணிய குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். நீர் மெல்ல மஞ்சளாகி, பிறகு பச்சை கலந்த பழுப்புக்கு வரும். இளந்துருவென்றால் இரண்டு முதல் நான்கு மணி நேரத்திலும், கெட்டித்துருவென்றால் இரவு முழுவதும் ஊறியபின்பும் வேலை முடியும். நடுவில் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு மறுபடி போடுவது நல்லது. ஸ்பேனரின் தண்டில் துருவுக்கு அடியில் புதைந்துகிடந்த 12, 13 என்ற எண்கள் முதலில் நிழலாகவும், அடுத்த தேய்ப்பில் ஓரங்கள் கூர்மையாகவும் எழுந்து வருவதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு உண்டு. அந்த நிறைவில் மயங்கி, ‘இன்னும் கொஞ்சம் ஊறட்டும்’ என்று விட்டுவிடக்கூடாது. துரு தீர்ந்ததும் அமிலம் சும்மா இருக்காது. நல்ல இரும்பின்மேல் கை வைக்கும். வார்ப்பிரும்பையும் கத்தி, அரிவாள் போன்ற கார்பன் மிகுந்த எஃகையும் அரைமணிக்கொருமுறை பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். வெளியே வரும்போது பொருள் மங்கிய சாம்பல் நிறத்திலும், மேலே கரி பூசியதுபோன்ற படலத்தோடும் இருக்கும். இது துருவல்ல, துணியால் துடைத்தால் போய்விடும்.

உலோகம் அரிபடுவதைக் குறைக்க இன்னொரு வழி உண்டு. ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, அதில் உலர்ந்த சலவைச் சோடாத் தூளை 40 கிராம் அளவுக்குச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், புளிப்பு பெருமளவு தணிந்து, துருவைப் பிணைத்து இழுக்கும் ஆற்றல் மட்டும் மிஞ்சும். ஒரே நேரத்தில் கொட்டினால் பொங்கி வழிந்துவிடும் என்பதால் பாத்திரம் பெரியதாக இருக்கட்டும். இதில் ஊறும் நேரம் சற்றுக் கூடும்; ஆனால் பழைய தையல் மெஷின் பாகம், தாத்தா வைத்திருந்த இழைப்புளியின் அலகு போன்று, அரித்துவிடக் கூடாத பொருள்களுக்கு இதுவே ஏற்றது.

வினிகரும் வேலை செய்யும். கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 அல்லது 5 சதவீத அளவில்தான் இருக்கும் என்பதால் நீர் கலக்காமல் அப்படியே பயன்படுத்தவேண்டும். ஓர் இரவு முதல் ஒரு பகல் வரை ஆகும். வீட்டில் ஏற்கெனவே ஒரு புட்டி இருந்து, இரண்டு மூன்று திருகாணிகள் மட்டும் இருந்தால் அதுவே போதும். ஒரு வாளி நிறைய வேண்டுமென்றால் எலுமிச்சை உப்புதான் சிக்கனம். வினிகரோடு கல்லுப்பையும் சேர்த்தால் விரைவில் போகும் என்று சொல்வார்கள். விரைவில் போவது உண்மைதான், ஆனால் மரைகளுக்குள்ளும் குழிகளுக்குள்ளும் தங்கிவிடும் உப்பு மறுபடி துருவை அழைத்துவரும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

புளியின் டார்டாரிக் அமிலம் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலவே இரும்பின் இளந்துருவையும் கரைக்கும், மெதுவாக. நூறு கிராம் பழம்புளியை அரை லிட்டர் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, சக்கையோடு பொருளின்மேல் கெட்டியாக அப்பிவைத்து, சில மணி நேரம் கழித்துத் தேங்காய் நாரால் தேய்க்கலாம். இதன் தனிச்சிறப்பு, உணவு தொடும் பொருள்களுக்கு அஞ்சாமல் பயன்படுத்தலாம் என்பதே. புளித்துப்போன பழைய புளியை வீசாமல் இதற்கென்று எடுத்துவைக்கலாம். கோலா பானத்தில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பது மெய்யென்றாலும் மிகச் சிறிதளவே. கூடவே வரும் சர்க்கரையைக் கழுவுவது தனி வேலை. உருளைக்கிழங்கு, பற்பசை இவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கழிவறை கழுவும் அமிலத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனெனில் பலரும் முதலில் தேடுவது அதைத்தான். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சில நிமிடங்களில் துரு பறந்துவிடும். கூடவே அதன் ஆவி, அதே அறையில் இருக்கும் மற்ற எல்லா இரும்புப் பொருள்களையும் ஒரே இரவில் துருப்பிடிக்கச் செய்யும். சுவாசத்துக்கும் கேடு. பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலமும், அது எலுமிச்சை உப்பாகவே இருந்தாலும், கலந்தால் குளோரின் நச்சுவாயு வெளிப்படும். ஆகவே துரு நீக்கும் வேலையைக் குளியலறையில் செய்பவர்கள் முதலில் பிளீச்சிங் பவுடரை வெளியேற்றிவிடவேண்டும்.

வெளியே எடுத்த பிறகு

அமிலத்திலிருந்து எடுத்த இரும்பு எந்தக் காப்பும் இல்லாமல் வெறுமையாக நிற்கிறது. ஈரத்தோடு காற்றில் வைத்தால், நீங்கள் துண்டைத் தேடி எடுத்துவருவதற்குள் அதன்மேல் ஆரஞ்சு நிறம் படரத் தொடங்கிவிடும். எனவே ஊறுவதற்குள்ளேயே அடுத்த கட்டத்துக்கான எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்துவைத்துவிடவேண்டும்: ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த பாத்திரம் ஒன்று, கொதிக்கக் கொதிக்க ஒரு கெட்டில் நீர், உலர்ந்த பருத்தித் துணி, எண்ணெய்.

பொருளை எடுத்துத் தேய்த்துக் கழுவி, சோடா நீரில் சில நிமிடம் முக்கிவைத்தால் மரைகளிலும் இடுக்குகளிலும் தங்கிய அமிலம் அடங்கிவிடும். பிறகு நல்ல நீரில் அலசி, இடுக்கியால் பிடித்துக்கொண்டு கொதிநீரை அதன்மேல் ஊற்றவேண்டும். இது துப்புரவுக்காக மட்டும் செய்வதன்று. கொதிநீர் பட்ட உலோகம் தானே சூடேறி, வெளியே எடுத்ததும் மேலிருக்கும் நீரை ஆவியாக்கிவிடும். துணிபோக முடியாத இடுக்குகூட அரை நிமிடத்தில் உலர்ந்துவிடும். மிச்ச ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, வெயிலிலோ தலைமுடி உலர்த்தியின் காற்றிலோ காட்டி, இன்னும் வெதுவெதுப்பு இருக்கும்போதே எண்ணெய் பூசிவிடவேண்டும். சூட்டில் எண்ணெய் இளகி நுண்குழிகளுக்குள் இறங்கும்.

கருவிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் மிகப் பொருத்தமானது. தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று தடவுவது அன்றைக்குப் பளபளப்பைத் தருமே தவிர, நாள்பட்டால் காறல் வாடை அடித்துப் பிசுபிசுத்து, தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குறடு, கத்தரி போன்றவற்றில் மூட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பலமுறை திறந்து மூடினால், உள்ளே மிஞ்சிய துரு செம்பழுப்புக் குழம்பாக வெளியே கசியும். துடைத்துவிட்டு, எண்ணெய் தெளிவாக வெளிவரும் வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். நெடுநாள் எடுக்காமல் வைக்கப்போகும் பொருளாக இருந்தால் வாசலினையோ கிரீஸையோ மெல்லிய படலமாகத் தடவலாம். வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலைப் பட்டறைகளில் தாராளமாகப் பூசுகிறார்கள். தோலுக்குத் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் அபாயம் உள்ளது என்பதால் வீட்டில் அது வேண்டாம்.

எண்ணெய் பூச முடியாத பொருள்கள், எடுத்துக்காட்டாக ஜன்னல் கொக்கி, பழைய பூட்டு, மண்வெட்டியின் கழுத்து ஆகியவற்றுக்குக் கடுக்காய் ஓர் அருமையான வழி. இரண்டு கைப்பிடி கடுக்காய்த் தோலை இடித்து, ஒரு லிட்டர் நீரில் எவர்சில்வர் பாத்திரத்தில் பாதியாக வற்றும் வரை காய்ச்சி வடிகட்டினால் கிடைக்கும் சாற்றில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதியாக இருக்கும். உதிரும் துருவை நீக்கியபின், போகாமல் நிற்கும் மெல்லிய துருவின்மேல் இதைப் பிரஷ்ஷால் பூசினால், கண்முன்னே செம்பழுப்பு நீலங்கறுப்பாக மாறும். அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கடுக்காயும் சேர்த்து எழுதும் மை செய்ததும், துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்த சாறு கடுக்காய் ஏற்றிய துணியில் பட்டதும் கலம்காரிச் சித்திரத்தின் கருங்கோடாக மாறுவதும் இதே வினையால்தான். உலர்ந்தபின் இரண்டாவது முறையும் பூசலாம். இந்தக் கறுப்புப் படலம் மழையைத் தாங்காது. வெளியில் இருக்கும் பொருளென்றால் இதன்மேல் பிரைமரும் பெயிண்டும் வேண்டும்.

கழலாத நட்டும், சைக்கிள் கைப்பிடியும்

இறுகிய நட்டை எடுத்த எடுப்பில் பலம் கொண்டு திருகினால் போல்ட்டின் கழுத்து முறியும், அல்லது நட்டின் மூலைகள் மழுங்கும். கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரைகளைச் சுத்தம் செய்து, டீசலோ மண்ணெண்ணெயோ விட்டு, ஓர் இரவு விட்டுவைக்கவேண்டும். மறுநாள் நட்டின் பக்கங்களில் சிறு சுத்தியலால் பல முறை மெதுவாகத் தட்டினால் உள்ளே பருத்த துரு நொறுங்கி, எண்ணெய் இறங்க வழி கிடைக்கும். முதலில் இறுக்கும் பக்கமாக இழையளவு அசைக்க முயன்று, பிறகு தளர்த்தும் பக்கம் திருப்பவேண்டும். சூடேற்ற விரும்பினால் நட்டின்மேல் கொதிநீர் ஊற்றினாலே பல நேரம் போதும். டீசல் விட்ட இடத்தில் தீ காட்டுவது விபத்தை வலிய அழைப்பதாகும்.

குரோமியம் முலாம் பூசிய சைக்கிள் கைப்பிடி, ரிம் ஆகியவற்றில் புள்ளிபுள்ளியாகத் தோன்றும் துருவுக்கு எமரித்தாளோ கம்பி நாரோ வேண்டாம். சாப்பாடு பொதிக்கும் அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி, நீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமியத்தைவிட மிக மிருதுவானது என்பதால் முலாமில் கீறல் விழாமல் துரு மட்டும் வழித்தெடுக்கப்படும். எவர்சில்வர் பொருளில் காணும் துருப்புள்ளிகளையும் இரும்புக் கம்பி நாரால் தேய்க்கக்கூடாது, நாரின் துகள்களே அதில் ஒட்டிக்கொண்டு புதிய புள்ளிகளாகும். சமையல் சோடாவைக் குழைத்துத் துணியால் தேய்ப்பதே சரி.

தோசைக்கல்லும் அரிவாள்மணையும்

துருப்பிடித்த இரும்புத் தோசைக்கல்லை வடிகஞ்சியிலோ அரிசி கழுநீரிலோ ஓரிரு நாள் ஊறவைத்துத் தேய்க்கும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. நாள்தோறும் நீரை மாற்றினால் போதும், புளிப்பு ஏறிய அந்த நீரின் இளம் அமிலம் மேல்துருவை இளக்கிவிடும். கெட்டித்துரு என்றால் புளிக்கரைசல் கொண்டு தேய்க்கலாம். கழுவியதும் அடுப்பில் வைத்து நன்றாகக் காயவிட்டு, வெங்காயத்தை நறுக்கி அதில் நல்லெண்ணெய் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, புகை வரும் வரை சூடேற்றி, ஆறவிட்டு, இதையே சில முறை செய்யவேண்டும். மெல்லிய படலமாகப் பரவிய எண்ணெய் சூட்டில் இறுகி, இரும்பைக் காக்கும் கருமையான பூச்சாக மாறுகிறது. தேங்காய் எண்ணெய் இவ்வாறு இறுகுவதில்லை என்பதால் நல்லெண்ணெயே இதற்கு மேல்.

அரிவாள்மணையின் அலகை ஊறவைக்காமல் புளி அப்பித் தேய்ப்பதே பாதுகாப்பு, அடிப்பலகை ஈரம் குடித்து உப்பிவிடும். தேங்காய் துருவும் பற்களின் இடுக்கைப் பல்துலக்கியால் தேய்க்கும்போது கை எப்போதும் பற்களிலிருந்து வெளிநோக்கியே நகரட்டும்.

மின்னாற்பகுப்பு முறையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இருப்பார்கள். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்த நீரில், 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பொருளோடும், நேர்முனையை வேண்டாத இரும்புத் துண்டொன்றோடும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டால் துரு தளர்ந்து உதிரும். நல்ல இரும்பு குறையாது என்பதே இதன் மேன்மை. ஆனால் நேர்முனையில் எவர்சில்வரை மாட்டினால் நச்சுத்தன்மை வாய்ந்த குரோமியம் நீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் உப்பு இட்டால் குளோரின் எழும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதால் திறந்தவெளி வேண்டும். நீரில் கை வைக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்தாகவேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக இணைப்பது உயிரோடு விளையாடுவது. மின்வேலை தெரிந்தவர்கள் மட்டும் இதில் இறங்கலாம்.

வேலையெல்லாம் முடிந்தபின் மிஞ்சும் பழுப்புக் கரைசலில் நுரை அடங்கும் வரை சமையல் சோடாவைத் தூவி, நிறைய நீர் சேர்த்துச் சாக்கடையில் விடலாம். மொசைக், மார்பிள் தரைகளில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அமிலம் பட்ட இடம் மெருகு போய் வெளுத்துவிடும், அதைக் கழுவித் திருப்பிக் கொண்டுவர முடியாது.

கருவிகளைத் திரும்ப வைக்கும் இடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சிமென்டுத் தரையில் நேரடியாக வைக்காமல் பலகைமேல் வைக்கவேண்டும். காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வீசாமல் கருவிப் பெட்டிக்குள் போட்டுவைத்து, அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம். மாடிப்படிக்கு அடியில் கருவிப் பெட்டிக்கு அருகிலேயே பிளீச்சிங் பவுடர் பையோ, கழிவறை அமிலப் புட்டியோ, நீர் ஊற்றும் இன்வெர்ட்டர் பேட்டரியோ இருக்குமானால், முதலில் அவற்றை அங்கிருந்து வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.